ஆகாயத்தில் எல்லைக்கற்கள்

லண்டன் நகரத்திற்கும் ஸிட்னி நகரத்திற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், பூகோள சாஸ்திரி தயங்காமல் பதில் சொல்லுவார். பூமியின் வளைவை அநுசரித்து அளந்தால் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். இந்தக் கணக்கு நேற்றும் இதுவே, நாளையும் இதுவே. ஆனால் அந்தத் தூரத்தை ஆகாய விமானத்தில் கடப்பதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால், அவர் ஒருவரால் மட்டும் விடை கூற இயலாது. யந்திர நிபுணரையும் காற்றின் போக்கை அறிந்தவரையும் கேட்கவேண்டும். அவ்விருவரையும்விட முக்கியமாக, தேசங்களுக்கிடையேயுள்ள உடன்படிக்கைகளையும் பகைமைகளையும் அறிந்த ராஜதந்திரியைக் கேட்கவேண்டும். நம் முன்னோர் ஓர் ஊரின் தூரத்தைச் சொல்லும்போது 'இத்தனை நாழிகை வழி' என்று காலத்தைக் கொண்டே அளந்தனர். அவர்கள் அளவில் நடப்பவனுடைய கால்களும் வழியின் தன்மையும் அடங்கியிருந்தன. இன்றைய ஆகாய மார்க்கத்தின் நாழிகைக் கணக்கில் அரசாங்கங்களின் சித்தமும் அடங்கியிருக்கிறது. ராஜீய விஷயங்களில் ஈடுபட்டவர்கள் இதை ஊன்றி ஆராய்வது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

யந்திரத்தின் வெற்றி

நூறு வருஷங்களுக்குள் இந்த மார்க்கத்தில் மனிதனுடைய யந்திர சக்தி அடைந்திருக்கும் வெற்றியை முதலில் குறிப்பிடுவது நியாயமாகும். 1919-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர் இருவர், யந்திரத் தொழிலாளர் இருவருடன், லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து 'விக்கர்ஸ் விமி' என்ற விமானத்தில் கிளம்பினர். முப்பது நாட்களுக்குள் ஆஸ்திரேலியா சேருவோருக்கு அந்நாட்டு சர்க்கார் 10,000 பவுன் பரிசு அறிவித்திருந்தனர். ஸ்மித் சகோதரர் டிசம்பர் 10-ந் தேதி அக்கண்டத்தின் வடகோடியிலுள்ள டார்வினில் இறங்கிப் பரிசைப் பெற்றனர். பிரயாணம் 28 நாட்கள் பிடித்தது.

1935-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஒழுங்கான விமானப் போக்கு ஏற்பட்டது. சுமார் 12,750 மைல் வழி, பன்னிரண்டரை நாட்கள், கட்டணம் 195 பவுன். பிரயாணிகள் பல இடங்களில் விமானம் மாறி, இராத்திரி வேளைகளில் விடுதிகளில் உறங்கி, ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலிலேயே கடந்து சென்றனர். 1947-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி 'குவாண்டஸ்' கம்பெனியாரின் 'கான்ஸ்டலேஷன்' விமானம் ஸிட்னியிலிருந்து புறப்பட்டு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி ஆகிய இடங்களில் இறங்கி, நான்கு நாட்களில் லண்டன் சேர்ந்தது. ஆகாயத்தில் பறந்த நேரம் சுமார் 55 மணி. கல்கத்தாவும் கராச்சியும் ஒரே தேசத்தின் நகரங்களாயிருந்த நிலை அப்போது நீங்கி மூன்றரை மாதங்களே ஆகியிருந்தன என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கோருகிறோம். அவ்விரு பெயர்களும் பின்னர் வேறொரு சந்தர்ப்பத்தில் வரும்.

2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் அதே கம்பெனியார் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் செல்லும் போக்கைத் தொடங்கினர். 14,498 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து ஸிட்னிக்கே, சொற்பப் பேருடன், இடையில் இறங்காமல் ஒரு சோதனைப் பிரயாணம் நடத்தினர். அது 19 மணி 19 நிமிஷங்களில் முடிந்தது. ஸ்மித் சகோதரருக்கு டார்வின் மட்டும் செல்ல 28 நாட்கள் பிடித்தன; சரியாக நூறு வருஷங்களுக்குப் பின் அதற்கும் அப்பாலுள்ள ஸிட்னிக்கு ஒரு பகலும் ஓர் இரவுங்கூட முழுமையாகத் தேவைப்படவில்லை. விஞ்ஞானத்தின் பெருமைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

காற்றின் ஆட்சி

யந்திரத்திற்கு அடுத்தபடியாகக் காற்றைக் கூறவேண்டும். பூமிக்கு மேலே முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் வேகத்துடன் காற்றாறுகள் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தோடு செல்லும் விமானம் விரைகிறது. எதிர்த்துச் செல்வது பின்தங்குகிறது. இதனாலேயே லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா செல்வதைவிட, ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் திரும்புவதற்கு நேரம் அதிகமாகிறது.

இதற்கு நம் தேசத்திலேயே ஒரு நல்ல திருஷ்டாந்தம் உண்டு. 2015 டிசம்பரில் டில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு 'ஏர் இந்தியா' ஆரம்பித்த நேர்ப் பிரயாணம் முதலில் மேற்கு முகமாக அட்லாண்டிக் வழியே சுமார் 13,900 கிலோமீட்டர் சென்றது. 2016 அக்டோபரில் அதையே கிழக்கு முகமாகத் திருப்பி, பஸிபிக் சமுத்திரத்தின் மேல் சுமார் 15,300 கிலோமீட்டர் செல்லுமாறு செய்தனர். வழி 1,400 கிலோமீட்டர் நீண்டது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. சுற்று வழியே குறுக்கு வழியாயிற்று!

காற்று யாருக்கும் பட்சபாதம் காட்டுவதில்லை. அதன் போக்கை அறிந்து ஒத்துச் செல்பவருக்கு அது நண்பன். மூன்றாவதாக நாம் கூறப்போகும் காரணம் அத்தகையதன்று. அது மனிதர்களின் அநுமதியைப் பற்றியது.

வானத்துக்கு உடையவன் யார்?

நிலத்திற்கு உடையவனே அதன் மேலுள்ள ஆகாயத்திற்கும் உடையவன் என்று ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு பழமொழி உண்டு. விமானம் தோன்றுமுன் அது வெறும் சொல்லலங்காரமாகவே இருந்தது. முதல் மகாயுத்தத்தில் குண்டுகள் வானத்திலிருந்து விழுந்த பிறகு, ராஜ்யங்கள் அதைக் கண்டிப்பான சட்டமாகச் செய்துகொண்டன. ஸ்மித் சகோதரர் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1919 அக்டோபரில், பாரிஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு தேசத்திற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள ஆகாயத்தில் பூரண ஆதிக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1944-ம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி சிக்காகோவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்தும் அதையே உறுதிப்படுத்தியது. ஒருவர் நாட்டின் மேல் மற்றொருவர் இறங்காமல் பறந்து செல்லும் உரிமையை அளிக்கும் தனி ஒப்பந்தமும் அங்கேயே எழுதப்பட்டது. ஆனால் அது எல்லாத் தேசங்களையும் கட்டுப்படுத்துவதன்று; ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே மிகப் பரந்த ஆகாயத்தையுடைய ருஷ்யா அதில் சேரவேயில்லை.

இந்தச் சட்டத்தினால் விளைந்த நன்மையை நாம் மறைக்கப் போவதில்லை. 1929-ல் பிரிட்டிஷ் 'இம்பீரியல் ஏர்வேஸ்' விமானங்கள் லண்டனிலிருந்து கராச்சிக்கு வரத் தொடங்கியபோது, அவை பாரசீகத்தின் கடற்கரை ஓரமாகப் பறந்தன. 1932-ல் பாரசீக சர்க்கார் அந்த வழிக்கு அளித்திருந்த அநுமதியை நீடிக்க மறுத்தனர். உலகத்தின் நான்கு மூலைகளிலும் கொடி நாட்டியிருந்த சாம்ராஜ்யம் தன் விமானங்களை வளைகுடாவின் மறுகரைக்கு, ஷார்ஜா முதலிய இடங்களுக்கு, மாற்றிக்கொண்டது. ஒரு சுதந்திர தேசம் 'கூடாது' என்று கூறிய ஒரு சொல்லுக்கு அவ்வளவு வலிமை இருந்தது.

அதே வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்த தபால்களை ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறு விமானத்தில் ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்ஸென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டனுக்கும் சென்னைக்கும் உள்ள நாழிகைக் கணக்கு அன்று சுருங்கியது. அச்செயலின் தீரத்தை எவரும் போற்றுவர். ஆயினும் அந்நாளில் இந்தியாவின் ஆகாயத்தில் யார் பறக்கலாம், யார் பறக்கலாகாது என்று தீர்மானித்தவர்கள் இந்திய ஜனங்கள் அல்லர். நிலம் பிறர் வசமிருக்கையில் வானம் மட்டும் நமதாயிருக்குமா?

யுத்தம் நீட்டிய வழி

ஆகாய உரிமை இன்னதென்று அறிந்தோம். அது பறிபோனால் நேரக் கணக்கு என்னவாகும் என்பதை இரண்டாவது மகாயுத்தம் காட்டியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. லண்டனையும் ஸிட்னியையும் இணைத்த கயிறு நடுவில் அறுந்துபோயிற்று. அதை மீண்டும் முடியும் பொருட்டு, 1943 ஜூன் மாத முடிவில், பெர்த் நகருக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே 'கட்டலினா' என்ற நீர் விமானங்களை விட்டனர். இந்து மகாசமுத்திரத்தின் மேல் 5,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நடுவே இறங்க இடமில்லை. எரிபொருளின் பாரத்தினால் மூன்று பிரயாணிகளுக்குமேல் ஏற்ற முடியாது. சத்துருக்கள் அறிந்துகொள்ளாதபடி வானொலியை நிறுத்தி, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டனர். ஒரு பிரயாணத்திற்கு முப்பது மணி நேரம் வரையில் ஆயிற்று; மிக நீண்டது 32 மணி 9 நிமிஷம். புறப்பட்டவர்கள் வழியில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். 1945 ஜூலை வரையில் இவ்வாறு 271 தடவை கடந்தனர்.

இங்கே கணக்குப் பார்ப்போம். பெர்த்துக்கும் லண்டனுக்கும் உள்ள 14,498 கிலோமீட்டரை 2018-ல் 17 மணியில் கடந்தனர். அதில் பாதிக்கும் குறைவான தூரத்திற்கு 1943-ல் அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றே குறைந்த நேரம் ஆயிற்று. இதற்கு யந்திரத்தின் குறைபாடு ஒரு காரணமே. அந்த வழியில் செல்ல வேண்டிய நிர்ப்பந்தத்தையே உண்டாக்கியது யுத்தம்.

கராச்சியும் டாக்காவும்

மூடப்பட்ட ஆகாயம் ஒரு ராஜ்யத்தை எவ்வளவு தூரம் நெருக்கும் என்பதற்கு நம் வாசலிலேயே நடந்த சம்பவம் ஒன்று உண்டு. 1971 ஜனவரி 30-ந் தேதி 'கங்கா' என்ற இந்திய விமானம் ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டு லாகூரில் இறக்கப்பட்டது. பிரயாணிகள் விடுவிக்கப்பட்ட பின், பிப்ரவரி 2-ந் தேதி அது கொளுத்தப்பட்டது. இரண்டு நாட்களில் இந்திய சர்க்கார் பாகிஸ்தான் விமானங்கள் நம் நாட்டின் மேல் பறக்கலாகாது என்று தடை விதித்தனர்.

கராச்சியும் டாக்காவும் அப்போது ஒரே ராஜ்யத்தின் நகரங்கள். அவற்றுக்கு இடையே நேர் தூரம் சுமார் 2,350 கிலோமீட்டர். தடைக்குப் பின் பாகிஸ்தான் விமானங்கள் தென்முனையைச் சுற்றி, கொழும்பில் இறங்கிச் செல்லவேண்டியதாயிற்று. வழி ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. பூமி ஓர் அங்குலமும் அசையவில்லை. ஒரு தேசத்தின் இரு பாகங்கள் மட்டும் ஒன்றைவிட்டொன்று விலகிப்போயின.

பாகிஸ்தான், சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்தின் கவுன்ஸிலிடம் முறையிட்டது. இதை விசாரிக்கும் அதிகாரம் கவுன்ஸிலுக்கு இல்லை என்று இந்தியா ஆட்சேபித்தது. ஆட்சேபத்தைக் கவுன்ஸில் ஏற்கவில்லை. இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் அப்பீல் செய்தது. கவுன்ஸிலுக்கு அதிகாரம் உண்டு என்று 1972-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே வங்காள தேசம் பிறந்துவிட்டது. டாக்கா வேறொரு ராஜ்யத்தின் தலைநகராகிவிட்டது! சட்டத்தின் நடை விமானத்தின் நடையைவிட எவ்வளவு மந்தமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமோ?

நமது சர்க்காரின் செய்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. அந்தத் தடை அவ்வருஷத்து ராஜீய நிலைமையில் பெரும் பயன் விளைத்தது என்பதையும் மறுக்கமாட்டோம். ஆகாயத்தை மூடுவது எத்தகைய கூர்மையான ஆயுதம் என்பதே இங்கு நாம் சுட்டிக்காட்டுவது. அதை ஓங்கும் கை பின்னொரு நாள் பிறருடையதாகவும் இருக்கக்கூடும். 2019-ல் பிப்ரவரி முதல் ஜூலை வரையில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை மூடியது. 2025 ஏப்ரல் 24-ந் தேதி இந்திய விமானங்களுக்கு அதை மறுபடியும் அடைத்தது. ஒரு வாரத்திற்குள் இந்தியாவும் அவ்வாறே செய்தது. டில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் விமானங்கள் அரபிக் கடற்புறமாகச் சுற்ற நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேனின்மீது படையெடுத்ததை அடுத்து, ஐரோப்பியத் தேசங்களும் ருஷ்யாவும் ஒருவர் வானத்தை மற்றொருவருக்கு அடைத்தன. ஹெல்ஸிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ ஒன்பதரை மணியாயிருந்த பிரயாணம் வடதுருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணியாயிற்று. லண்டனிலிருந்து ஸிட்னிக்குப் பூமியின் வளைவைப் பின்பற்றி மிகக் குறுகிய கோடு வரைந்தால், அதுவும் ருஷ்யாவின் மேலும் சீனத்தின் மேலுமே செல்லும். அந்தக் கோடு பூகோளப் படத்தில் மட்டும் நின்றுவிட்டது.

திறந்திருந்த வாசல்

மூடிய வானத்தினால் பிரயாணிக்குச் சில மணி நேரம் நஷ்டம். கம்பெனிக்குப் பண நஷ்டம். மூடவேண்டிய வானத்தை மூடாமல் விட்டால் நேருவது என்ன?

2014-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரேனின் மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். கீழே யுத்தம் நடந்துகொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாட்களுக்கு முன் உக்ரேன் சர்க்கார் 32,000 அடி வரையில் ஆகாயத்தை மூடியிருந்தனர். அந்த விமானம் 33,000 அடியில் பறந்தது. சட்டப்படி வழி திறந்திருந்தது; ஏவுகணைக்கு ஆயிரம் அடி ஒரு பொருட்டா? அந்த ஒரே தினத்தில் 160 விமானங்கள் அப்பிரதேசத்தின் மேல் பறந்தன என்றும், ஆகாயத்தை முழுவதும் மூடுவதற்குப் போதிய காரணம் உக்ரேனுக்கு இருந்தது என்றும் நெதர்லாந்தின் பாதுகாப்பு விசாரணைச் சபை 2015 அக்டோபரில் அறிவித்தது. 2025 மே மாதத்தில் சர்வதேச விமான ஸ்தாபனத்தின் கவுன்ஸில், ருஷ்யா தன் சட்டக் கடமையை மீறியது என்று தீர்மானித்தது.

இது தனித்த பாதகமும் அன்று. 1983 செப்டம்பர் 1-ந் தேதி வழி தவறிய கொரிய விமானத்தை ஸோவியத் படையினர் சுட்டு வீழ்த்தினர். 269 பேர் மாண்டனர். 1988 ஜூலை 3-ந் தேதி ஈரானிய விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். 2020 ஜனவரி 8-ந் தேதி டெஹரானிலிருந்து கிளம்பிய உக்ரேனிய விமானத்தை ஈரானியப் படையினரே வீழ்த்தினர். 176 பேர் மாண்டனர். கொரிய விமானச் சம்பவத்திற்குப் பின், பறக்கும் பிரயாணி விமானங்களின்மீது ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்று 1984-ல் சிக்காகோ உடன்படிக்கையில் ஒரு ஷரத்தைச் சேர்த்தனர். அது அமுலுக்கு வர 1998 வரையில் பதினான்கு வருஷங்கள் சென்றன.

இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் மேற்காசியாவில் யுத்த அபாயம் அதிகரித்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் நேர் விமானத்தை அந்தக் கம்பெனியார் ஈரானின் வானத்தைத் தவிர்த்து, சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு செல்லும்படி செய்தனர். பதினேழு மணி நேரப் பெருமை போயிற்று. பிரயாணிகள் சௌக்கியமாகச் சேர்ந்தனர். இந்தத் தாமதத்தைக் குறை கூறுவோரின் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம்.

நமது கடமை

ஆகாயத்தின்மீது ஆதிக்கம் என்பது சுதந்திரத்தின் ஓர் அங்கம். பாரசீகம் 1932-ல் அதைக் காட்டியது. நாமும் அதை விரும்பியே பெற்றோம். ஆனால் நிலத்திற்குப் பட்டா வாங்கியவன் தன் நிலத்தினூடே செல்லும் வழிப்போக்கனைத் துன்புறுத்த உரிமை பெற்றவனாகமாட்டான். தன் வானத்தில் நுழையும் ஒவ்வொரு பிரயாணிக்கும், அவன் எந்தத் தேசத்தவனாயினும், அந்த அரசாங்கம் தர்மகர்த்தாவாகிறது. தர்மகர்த்தாவுக்கு அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பும் உண்டு.

ஆதலால் இரண்டு கோரிக்கைகளை எத்தேசத்துச் சர்க்காரிடமும், முக்கியமாக நமது சர்க்காரிடம், ஜனப் பிரதிநிதிகள் வற்புறுத்தவேண்டும். கீழே ஆயுதங்கள் முழங்கும்போது, மேலே செல்லும் விமானங்களிடமிருந்து வரும் கட்டணத்தை எண்ணாமல் ஆகாயத்தை உடனே மூடவேண்டும். ஆயிரம் அடிக் கணக்கில் பேரம் கூடாது. பகைமையின் பொருட்டு மூடுவதாயின், அதற்குக் காலவரம்பும் வெளிப்படையான காரணமும் இருக்கவேண்டும். அதைப் பொதுவான ஒரு சபையின் விசாரணைக்கு உட்படுத்தவும் தயாராயிருக்கவேண்டும். அந்த விசாரணை, தேசங்களே மாறிய பின் தீர்ப்புச் சொல்லும் விசாரணையாக இராமல் துரிதமாக நடைபெறவேண்டும்.

லண்டனுக்கும் ஸிட்னிக்கும் உள்ள 17,000 கிலோமீட்டரை இனி எவராலும் குறைக்க முடியாது. யந்திர நிபுணர்கள் தங்கள் வேலையைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டனர். மிகுதியுள்ள வேலை ராஜீயத் துறையினருடையது. விமானத்தின் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் கூடியிருக்கக் கண்டால், அது காற்றினால் கூடியதா, பாதுகாப்புக்காகக் கூடியதா, பகைமையினால் கூடியதா என்று நம் தேசபக்தர்கள் விசாரிப்பார்களாக. முதலிரண்டையும் பொறுத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காரணம் கேட்கும் பழக்கம் ஜனங்களிடையே வளருமாயின், வானத்தின் எல்லைக்கற்கள் வழிப்போக்கரின் கல்லறைகளாக ஆகாமலிருக்கும்.